கோட்டை ஒரு தரம், இரண்டு தரம்

“அப்பா, போன வருஷமும் கோட்டைக்கு முந்நூறு வயசுன்னு சொன்னே. இந்த வருஷமும் முந்நூறுன்னே சொல்றே. அதுக்கு மட்டும் பிறந்த நாளே வராதா?”

வழிகாட்டியின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. படகின் முன்வரிசையில் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கையில் மைக்கோடு நின்ற அப்பா திருதிருவென்று விழித்தார். படகே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை என்பதுதான் அவருக்கு ஒரே ஆறுதல்.

மறுநாளே அவர் நகர நூலகத்துக்குப் போய், ஆற்றங்கரையில் நிற்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் சரியான வயதைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து ஆண்டு பிறந்ததும் எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டிக்கொள்வார். கோட்டைக்கு இப்போது முந்நூற்றுப் பதினெட்டு. மணிக்கூண்டுக்கு நூற்று நாற்பத்தொன்று. மகள் வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். தான் கேட்டதையே மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை. பக்கத்துப் படகுகளில் ‘சுமார்’, ‘ஏறக்குறைய’ என்று தண்ணீர் ஊற்றிப் பேசும் வழிகாட்டிகளைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது.

“செத்துப்போன ராஜா வந்து உன் சட்டையைப் பிடிக்கவா போறான்?” என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள்.

“அவரால வர முடியாதுல்ல? அதனாலதான் நாம ஒழுங்காச் சொல்லணும்” என்பார் இவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சனிக்கிழமை தொண்டை போய்விட்டது.

இரண்டு நாளாகவே கரகரப்பு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். மனைவி சொன்னாள் என்று கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டார். சனிக்கிழமை காலை மருத்துவரிடம் போனார். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரு வாரம் பேசவே கூடாது. ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“பேசற வேலை” என்றார் வழிகாட்டி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன். உடம்பு சரியில்லைன்னு சொன்னா தலையையா எடுத்துடப் போறாங்க?” என்றாள்.

அவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, “பொட்டிக்கு உடம்பு சரியில்லாமப் போகாதே” என்று காற்றாகச் சொன்னார்.

பெட்டி என்றது புதிதாக வந்திருந்த ஒரு கருவியை. படகு நிறுவனத்தின் பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு பொறுப்பை மகளிடம் கொடுத்திருந்தார். துறையில் எல்லாரும் அவளைச் சின்ன முதலாளி என்றார்கள். சுறுசுறுப்பான பெண், கெட்டவள் இல்லை. கணக்குப் போடத் தெரிந்தவள், அவ்வளவுதான். படகு எந்த இடத்தைத் தாண்டுகிறதோ அந்த இடத்தைப் பற்றித் தானே பேசும் ஒரு சிறிய பெட்டியை அவள் வரவழைத்திருந்தாள். அது இருமாது, தண்ணீர் கேட்காது, மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்காது. “சனிக்கிழமை சாயங்காலம் நானே படகுல வர்றேன் அண்ணே. ஆள் வேணுமா, பொட்டி போதுமான்னு நேர்ல கேட்டுட்டு முடிவு பண்ணிடலாம்” என்று அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். மறைத்துச் செய்யாத குணம் அவளுக்கு இருந்தது. அதற்காக அவளைக் குறை சொல்லவும் அவரால் முடியவில்லை.

சாயங்காலம் துறைக்குப் போகும் வழியில் அவர் கண்ணை மூடி நின்று வேண்டிக்கொண்டார். “ஆண்டவனே, வேற எதுவும் கேக்கலை. இன்னிக்கு ஒரு மணி நேரம், படகு கேக்கற மாதிரி ஒரு குரலைக் குடு.”

கடவுள் கேட்டதைக் கொடுத்தார். எந்தத் தொண்டையில் என்று மட்டும்தான் வழிகாட்டி குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

அந்தக் குரல் அப்போது படகின் முன்வரிசையில், வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மீன் சந்தையில் ஏலம் போடுகிறவர் அவர். வெளியூரில் இருந்து வந்திருந்த மச்சினிக்கும் அவள் கணவருக்கும் நகரத்தைச் சுற்றிக் காட்ட வந்திருந்தார். கூடவே மனைவியும் மாமியாரும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் அவர் இந்தப் படகில் ஏறியதே இல்லை. விடிவதற்கு முன்னால் சந்தைக்குப் போய், இருட்டுவதற்கு முன்னால் படுத்துவிடுகிற பிழைப்பு. விளக்கு வெளிச்சத்தில் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனைவி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

“படகுல வாயைத் திறக்கக் கூடாது. என் தங்கச்சி கல்யாணத்துல என் காதுல ரகசியம்னு சொன்னீங்களே, ‘மாப்பிள்ளை கொஞ்சம் நோஞ்சானா இருக்காரு’ன்னு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூணு வருஷம் பேசலை.”

“மெதுவாத்தானேடி சொன்னேன்?”

“உங்க மெதுவு மேடை வரைக்கும் கேட்டுச்சு.”

அந்த நோஞ்சான் மாப்பிள்ளைதான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை. அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். பேசினால் உதடு அசைவது மட்டுமே தெரியும். மச்சினிக்கு அதில் பெருமை. “என் வீட்டுக்காரர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்” என்று அக்காளிடம் சொல்லிக்காட்டுவாள். மாமியாருக்கு மட்டும் மூத்த மருமகன் மேல் தனிப் பிரியம். அந்த அம்மாளுக்குக் காது மந்தம். குடும்பத்தில் அவர் பேசுவது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும்.

படகு துறையை விட்டு நகர்ந்தது. ஓட்டுகிறவருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். எந்த வேலையையும் அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். இருட்ட ஆரம்பித்திருந்தது. இரண்டு கரையிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி வரிசையில் சின்ன முதலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வழிகாட்டி மைக்கை எடுத்தார். “எல்லாருக்கும் வணக்கம்” என்றார். வணக்கத்தில் முதல் பாதி வந்தது. மறுபாதி வரவில்லை. மறுபடி முயன்றார். துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

“மைக் வேலை செய்யலை!” என்று யாரோ கத்தினார்கள்.

“மைக்கைத் தட்டுங்க!”

“அந்தப் பக்கம் இல்ல, தலையில தட்டுங்க!”

வழிகாட்டி மைக்கின் தலையில் தட்டினார். ‘டொப், டொப்’ என்று படகு முழுக்க நன்றாகவே கேட்டது. மைக்கில் குறை இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைசி வரிசையில் சின்ன முதலாளி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

முன்வரிசையில் ஏலக்காரர் துடித்துப்போனார். வழிகாட்டியின் கழுத்து நரம்பு புடைப்பதும் உதடு காய்வதும் அவருக்குத் தெரிந்தது. மீன் மலிந்த ஒரு பருவத்தில் அவருக்கும் தொண்டை போனதுண்டு. ஊமையாக மேடையில் நின்று, குவிந்து கிடந்த மீனையும் எதிரே காத்திருந்த கூட்டத்தையும் பார்த்த நாளை நினைத்தால் இன்றும் அவருக்கு வியர்க்கும். அவர் மனைவியைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. கண்ணால் கேட்டார்.

மனைவி வழிகாட்டியைப் பார்த்தாள். கழுத்தில் சுற்றிய துண்டைப் பார்த்தாள். வீட்டில் யாரோ ஒருத்தி பார்த்துப் பார்த்துச் சுற்றிவிட்ட துண்டு அது என்பது அவளுக்குத் தெரிந்தது. பெருமூச்சு விட்டாள்.

“போங்க. ஆனா மெதுவா.”

“மெதுவாத்தான்!” என்றார் ஏலக்காரர். எதிர்க் கரையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து வழிகாட்டியின் பக்கத்தில் போய் நின்றார். “அண்ணே, நீங்க என் காதுல சொல்லுங்க, நான் ஊருக்குச் சொல்றேன்.” வழிகாட்டி மைக்கை நீட்டியபோது கையால் தள்ளிவிட்டார். “அதெல்லாம் எதுக்கு? தொண்டையில வலுவில்லாதவங்களுக்கு.” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “உங்களைச் சொல்லலை அண்ணே” என்றார்.

வழிகாட்டிக்கு வேறு வழி இல்லை. ஏலக்காரரின் காதருகே குனிந்து, கடைசி வரிசையில் இருப்பது யார், இன்று என்ன முடிவாகப் போகிறது என்று நாலே வார்த்தையில் சொன்னார். ஏலக்காரர் முகம் மாறியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் மணிக்கூண்டு வந்தது.

“எல்லாரும் வலப்பக்கம் பாருங்க! மணிக்கூண்டு! வயசு நூத்தி நாப்பத்தொண்ணு!”

படகு அசந்துபோனது. இவ்வளவு திருத்தமாக அந்தப் படகில் யாருக்கும் எதுவும் கேட்டதில்லை. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆமா, மணிக்கூண்டு” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னாள்.

ஆனால் ஏலக்காரர் முகத்தில் ஏதோ ஒரு சங்கடம். ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. சொன்ன எண் தனியாக நிற்பது அவருக்குச் சாப்பிட உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பிவிட்டது போல இருந்தது. விரல் தானாக உயர்ந்தது. மனைவி தொண்டையைக் கனைத்தாள். விரல் இறங்கியது.

அடுத்தது பழைய சிறைச்சாலை. வழிகாட்டி காதில் ஊதினார். என்ஜின் சத்தத்தில் அந்த ஊதல் பாதிதான் கரை சேர்ந்தது.

“இது பழைய ஜெயில்! அந்த முற்றத்துல தெரியுது பாருங்க, அதுதான் தூங்குமேடை! குத்தவாளிங்களைக் காலையில கூட்டிட்டு வந்து அங்கதான் தூங்க வைப்பாங்க!”

“காலையிலயா?” என்றாள் மச்சினி.

“நல்ல ராஜாவா இருந்திருக்கான்” என்றார் முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர்.

வழிகாட்டி பதறிப்போய் ஏலக்காரரின் தோளைத் தட்டினார். தூக்கு என்று கையைக் கழுத்தில் வைத்து, நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஏலக்காரர் அதைத் தொண்டை வலி என்று நினைத்து, “பொறுங்க அண்ணே, முடிஞ்சதும் சுடுதண்ணி வாங்கித் தர்றேன்” என்று ஆறுதல் சொன்னார்.

அதற்குள் அரண்மனை வந்துவிட்டது. கடைசி மன்னர் தம்பிக்காகத் தானாகவே முடி துறந்து போன அரண்மனை. வழிகாட்டிக்கு மிகவும் பிடித்த இடம்; தினமும் சொன்னாலும் தினமும் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

“இது அரண்மனை!” என்று முழங்கினார் ஏலக்காரர். “கடைசி ராஜாவுக்கு இங்கதான் முடி போச்சு! பூராவும்! தம்பியை நினைச்சு நினைச்சே போயிடுச்சு!”

வழுக்கைத் தலைக்காரர் தலையைத் தடவிக்கொண்டு, “எனக்கும் தம்பியாலதான்” என்று உருக்கமாகச் சொன்னார்.

படகு குலுங்கிச் சிரித்தது. இதெல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்த நாடகம் என்றே பலரும் நினைத்துவிட்டார்கள். வழிகாட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருடைய மன்னர்கள் ஒவ்வொருவராக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கடைசி வரிசையிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்த அளவுக்கு உள்ளே எங்கேயோ உறுத்தவும் செய்தது.

வளைவு திரும்பியதும் கோட்டை தெரிந்தது.

அடி முதல் நுனி வரை விளக்கு. தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு கோட்டை. படகில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அந்தச் சத்தம்தான் ஏலக்காரரைக் கெடுத்தது. நல்ல மீன் கூடையைக் கவிழ்க்கும்போது சந்தையில் கேட்கும் சத்தம் அது. அதைக் கேட்ட பிறகு அவரைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

“கோட்டை!” என்றார். வழிகாட்டி காதில் சொன்னதும், “முந்நூத்திப் பதினெட்டு!” என்றார். ஒரு கணம் நின்றார். மனைவி கனைத்தாள். அது அவர் காதில் விழவில்லை.

“முந்நூத்திப் பதினெட்டு... முந்நூத்திப் பதினெட்டுதானா? ஐயா, அம்மா, நல்லாப் பாருங்க! கல்லைப் பாருங்க, கட்டுமானத்தைப் பாருங்க! இதைப் போய் முந்நூத்திப் பதினெட்டுக்கு விட மனசு வருதா?”

“முந்நூத்தி அம்பது!” என்றது நடுவரிசையில் இருந்து ஒரு குரல்.

“அப்படிப் போடு! முந்நூத்தி அம்பது! கட்டம் போட்ட சட்டை முந்நூத்தி அம்பது!”

“நானூறு!” என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

“நானூறு! முடி போனாலும் மனசு பெருசு!”

வழிகாட்டி ஏலக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏலக்காரருக்கு அதுவும் உற்சாகமாகவே தெரிந்தது. சகலை காதோரம் வந்த கொசுவை விரட்டக் கையைத் தூக்கினார்.

“நானூத்தி அம்பது! என் சகலை!”

“ஐயோ, நான் கேக்கலை” என்றார் சகலை. வழக்கம் போல யாருக்கும் கேட்கவில்லை.

மச்சினிக்கு மட்டும் கேட்டது. “ஏன், கேட்டா என்ன? நாங்க நானூத்தி அம்பதுக்குக் குறைஞ்சவங்களா?” என்று அவரை இடித்தாள். பிறகு தானே எழுந்து, “ஐநூறு!” என்றாள். அக்காள் விடுவாளா? “ஐநூத்தி அம்பது!” என்றாள். நிபந்தனை போட்டவளே நிபந்தனையை மறந்துவிட்டாள். மாமியார் ஒன்றும் புரியாமலே இரண்டு கையையும் தூக்கினாள்; அவளுக்கு அறுநூறு. வருஷங்கள் மளமளவென்று ஏறின. கோட்டை கட்டிய மன்னரின் கொள்ளுப்பாட்டனார் பிறப்பதற்கும் முன்னால் போய்விட்டது கோட்டை.

“அறுநூத்தி அம்பது! அதுக்கு மேல ஆளில்லையா? அறுநூத்தி அம்பது ஒரு தரம்...”

“எழுநூறு!”

கடைசி வரிசை. சின்ன முதலாளி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“எழுநூறு! கடைசி வரிசை அம்மா எழுநூறு! எழுநூறு ஒரு தரம்! எழுநூறு ரெண்டு தரம்! எழுநூறு... மூணு தரம்!” என்று தொடையில் ஓங்கி அடித்தார் ஏலக்காரர். படகு கைதட்டியது. அவசரம்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டார். அவர் பணி வாழ்க்கையில் அது முதல் முறை.

வழிகாட்டி அப்படியே நின்றார். ஜெயித்தாகிவிட்டது என்று தெரிந்தது. முதலாளியே எழுந்து நிற்கிறாள். இனி பெட்டி எங்கே, நாம் எங்கே. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதற்கு அன்று அவருக்கு மருத்துவர் அனுமதியும் இருந்தது.

அப்போது நடுவரிசையில் ஓர் அம்மாள் போனில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. “எழுநூறு வருஷமாம்ப்பா! நீ வந்திருக்கணும். குத்தவாளிங்களைக்கூடத் தூங்க வச்சுப் பார்த்துக்கிட்ட ராஜாவாம்!”

பொய் படகை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. இன்றிரவே அது எங்கெங்கேயோ போய்ச் சேர்ந்துவிடும். தூக்கு மேடையில் நின்றவர்களை நினைத்தார். அவர்களுக்காக இந்த ஊரில் தினமும் ஒரு வார்த்தை சொல்லிவந்தது தான் ஒருவன்தான். அதையும் இன்று விட்டுவிட்டு என்ன வேலையைக் காப்பாற்றப் போகிறோம் என்று தோன்றியது.

அவர் ஏலக்காரரின் காதில் குனிந்தார். சொல்லச் சொல்ல ஏலக்காரர் முகம் வாடியது.

“அண்ணே, இதைச் சொல்லணுமா? அந்தம்மா எழுந்து நின்னாச்சு. சொன்னா உங்க பிழைப்பு என்னாகும்?”

வழிகாட்டி ‘சொல்லுங்க’ என்று தலையை ஆட்டினார்.

ஏலக்காரர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் முடிந்த ஏலத்தை அவர் திரும்ப எடுத்ததில்லை.

“எல்லாரும் கேளுங்க! ஏலம் ரத்து! கோட்டைக்கு முந்நூத்திப் பதினெட்டு வயசுதான்!”

“ஐயையோ, எனக்கு நஷ்டமாச்சே!” என்று கத்தினார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

“அது தூங்குமேடை இல்ல, தூக்குமேடை! அங்க நின்னவங்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ராஜாவுக்குப் போனது கிரீடம், மயிர் இல்ல. தம்பி நல்லா இருக்கட்டும்னு அவரே கழட்டிக் குடுத்தாரு. தப்பாச் சொன்னது நான்தான்...” இங்கே வழிகாட்டி அவர் கையைப் பிடித்து மறுத்து, இன்னொன்றைக் காதில் சொன்னார். ஏலக்காரர் அதையும் அப்படியே, ஒரு சொல் பிசகாமல், பக்கத்துப் பாலத்தில் அடைந்திருந்த புறாக்கள் படபடத்துப் பறக்கும்படி முழங்கினார்:

“எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க! எனக்குக் குரலே இல்ல!”

முதலில் சிரித்தது சகலை. அவர் சிரித்த சத்தம் அன்றுதான் மச்சினிக்கே கேட்டது. அதன் பிறகு யார் சிரிக்கிறார்கள், யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியவில்லை. போனில் பேசிய அம்மாள் மறுபடி எண்ணை அழுத்தி, “இல்லப்பா, முந்நூத்திப் பதினெட்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வழிகாட்டிக்கு அது போதும் போலிருந்தது.

படகு துறைக்குத் திரும்பியது. எல்லாரும் இறங்கிய பிறகு சின்ன முதலாளி அவரிடம் வந்தாள். அவர் துண்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

“தொண்டை எத்தனை நாளா இப்படி?”

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

“சொல்லியிருக்கலாமே அண்ணே.” கொஞ்சம் தயங்கினாள். “பொட்டி கேக்கத்தான் வந்தேன். பையிலயே இருக்கு. ஆன் பண்ணவே மறந்துட்டேன். எழுநூறுக்கு நானே கை தூக்கிட்டேனே, அதை நினைச்சாத்தான்...” சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “மதியப் படகுல பொட்டி பேசட்டும். அதை மாத்தறதா இல்ல. சாயங்காலப் படகு உங்களோடது. ஒரு வாரம் வீட்டுல வாயை மூடிக்கிட்டு இருங்க. சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன்.”

மதியப் படகு போனது போனதுதான். பாதி பிழைத்தது. ஆண்டவன் பாதியாகக் கொடுப்பதும் கொடுப்பதுதானே என்று அவர் கையைக் கூப்பினார்.

துறையின் படியில் ஏலக்காரர் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. மச்சினி அக்காளிடம், “அக்கா, கோட்டைக்கு மேல சின்னதா ஒரு கண்ணாடி மாடம் இருந்துச்சே, நிலா மாதிரி எரிஞ்சுதே, பார்த்தியா?” என்றாள்.

“பார்க்காம? எவ்வளவு அழகு!” என்ற மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்க பார்த்தீங்கதானே?”

“ம்... ம்” என்றார் ஏலக்காரர்.

அந்த ‘ம்’ வழிகாட்டியைத் தொட்டது. ஏலம் போடுகிறவன் மீனைப் பார்க்க மாட்டான். கேட்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான். எந்தக் கண் ஆசைப்படுகிறது, எந்த விரல் அசைகிறது என்று. இந்த மனுஷன் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அதை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு, தான் பார்க்காமலே கரை ஏறிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்க வேண்டும் என்றிருந்தவன் என்பது வழிகாட்டிக்குத் தெரியாது. தெரியாமலே அவருக்கு நெஞ்சு கனத்தது.

அவர் அவசரத்திடம் போய்க் கையால் ஏதோ காட்டினார். அவசரம் நிதானமாக யோசித்துவிட்டு, படகிலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏலக்கார அண்ணே! படகை மேல்துறையில கொண்டு போய்க் கட்டணும். கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது. ஒரு கை குடுக்கறீங்களா?”

“இது வேறயா?” என்றாள் மனைவி. ஆனாலும் அவள் குரலில் கோபம் இல்லை. “போயிட்டு வாங்க. அம்மாவுக்குக் கால் வலிக்குதாம், நாங்க அந்தக் கடையில உக்கார்ந்து ஏதாவது குடிச்சுக்கிட்டு இருக்கோம்.”

மேல்துறை கோட்டைக்கு அப்பால் இருந்தது. காலிப் படகு மெல்ல நகர்ந்தது. ஏலக்காரர் கயிற்றைத் தேடினார். வழிகாட்டி அவர் தோளைப் பிடித்து, முன்வரிசையில் நடு இருக்கையில் உட்கார வைத்தார். முகத்தைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார். தான் நாலு வரிசை பின்னால் போய், தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். அவசரம் முன்னால் மட்டுமே பார்த்து ஓட்டினார்.

வளைவு திரும்பியது.

ஏலக்காரரின் முதுகு நிமிர்வது பின்னாலிருந்து தெரிந்தது. வெகுநேரம் அவர் அசையவில்லை. அவசரம் என்ஜினைக் குறைத்தார். தண்ணீர் படகின் விளிம்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கோட்டையின் உச்சியில் கண்ணாடி மாடம் எரிந்துகொண்டிருந்தது.

“இதையா” என்றார் ஏலக்காரர். அவர் மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். “இதையா நான் எழுநூறுக்கு விட்டேன்?”

வழிகாட்டி தூணில் சாய்ந்தபடியே சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணாடி மாடம் பின்னால் போகப் போக, ஏலக்காரர் இருக்கையிலேயே திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.